எவர்சில்வர் ராக்கெட்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, மேல போன ராக்கெட்டையே திரும்பக் கொண்டாந்து தரையில இறக்குற சோதனைகளைப் பத்தி ஓரமா நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான், கடலூர் புதுச்சேரி ரெண்டு பக்கத்துல இருந்தும் கடுதாசியும் வாட்ஸப்புமா கொட்டிடுச்சு. அதனால இந்த மாசம் வேற எதுவும் இல்ல, முழுக்க ராக்கெட்தான், தோல் நோய் பத்தியும் பட்டா மாறுதல் பத்தியும் கேட்டவங்க கோச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்லிடுறேன், நான் விஞ்ஞானி கிடையாது, கடலூர்ல முப்பது வருஷம் லேத்தும் வெல்டிங்கும் பாத்தவன், அந்தக் கண்ணாலதான் இதையும் பாக்குறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விடியக்காலம் மூணரை நாலுக்கு அலாரம் வெச்சு எழுந்து, போன்ல ஒரு ராக்கெட் சும்மா நிக்கிறதையே பாத்துக்கிட்டு இருக்காரு. அது கிளம்பவும் மாட்டேங்குது. பால் வாங்கிட்டு வாங்கன்னா "இரு, இப்பதான் பெட்ரோல் போடுறான்"ங்குறாரு. இது ஏதாவது வியாதியாங்க?
ஆர்.எஸ்., புதுப்பாளையம், கடலூர்

பதில்: வியாதிதாம்மா, எனக்கும் இருக்கு. 2020 டிசம்பர்ல புரெவி மழை கொட்டித் தீர்த்த மறுவாரம், எங்க தெருவுல தண்ணி இன்னும் வடியல, கரண்டு வர்றதும் போறதுமா இருக்கு, நான் போனை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு அமெரிக்காவுல டெக்சாஸ் கடற்கரையில போக்கா சிக்கான்னு ஒரு ஊர், அங்க எலான் மஸ்க்கோட ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி நிறுத்தி வெச்சிருந்த ஸ்டார்ஷிப் ராக்கெட், அதுல எஸ்என்8னு எட்டாம் நம்பர் சோதனை வண்டி, கிளம்பப் போகுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கவுண்ட் டவுன் ஓடுது, இன்னும் 1.3 செகண்டுதான் பாக்கி, இன்ஜின்ல ஏதோ சரியில்லன்னு கம்ப்யூட்டரே நிறுத்திடுச்சு. போச்சா. மறுநாளும் எழுந்தேன், நம்ம நேரம் 10ஆம் தேதி விடியக்காலம் நாலேகால், அன்னிக்குத்தான் கிளம்புச்சு. ரெண்டு ராத்திரி தூக்கம் கெட்டதுக்கு கிடைச்சது ஆறே முக்கால் நிமிஷக் காட்சி, ஆனா அந்த ஆறே முக்கால் நிமிஷத்த நான் இன்னும் மறக்கல.

உங்களுக்கு உபயோகமான விஷயம் சொல்றேன். டெக்சாஸ் நேரத்தோட கோடை காலத்துல பத்தரை மணி, குளிர் காலத்துல பதினொண்ணரை மணி நேரம் கூட்டினா நம்ம நேரம். அங்க சாயங்காலம்னா இங்க விடியக்காலம், அதான் இந்தக் கொடுமை. அப்புறம் அவர் சொல்றது பெட்ரோல் இல்ல, மீத்தேன் வாயுவையும் ஆக்சிஜனையும் குளிர வெச்சு தண்ணி மாதிரி ஆக்கி ஊத்துறாங்க. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில இருக்கும், அதனால டேங்க் எவ்வளவு ரொம்புதோ அந்த மட்டத்துக்கு வெளிப்பக்கம் வெள்ளையா பனி படியும், ஐஸ் மோர் ஊத்தின டம்ளர் வெளிய வேர்க்குமே அதே கதை. இத ஃபாலோ பண்றவங்க எல்லாம் அந்தப் பனிக்கோட்டைத்தான் கண்ணு கொட்டாம பாப்பாங்க. கூடவே கடற்கரைக்குப் போற ரோட்டை அன்னிக்கு மூடுறாங்களான்னும் பாப்பாங்க, ரயில்வே கேட்டை மூடினா வண்டி வருதுன்னு நமக்குத் தெரியுற மாதிரி. அதனால நீங்களும் எட்டிப் பாருங்க, பனி ஏறலன்னா தைரியமா பாலுக்கு அனுப்பிடலாம். ஏற ஆரம்பிச்சிடுச்சுன்னா ஒரு மணி நேரம் மனுஷன விட்டுடுங்க.

கேள்வி: ஐயா, அந்த ராக்கெட் ஏன் நேரா இறங்காம படுத்துக்கிட்டே விழுது? விழுந்து விழுந்து கடைசி நிமிஷத்துல நிமிர்ந்து, அப்புறம் வெடிச்சிடுது. முதல்லயே நிமிர்ந்துக்க வேண்டியதுதானே?
பிளஸ் டூ மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: நல்ல கேள்விம்மா, இந்த மாசக் கடுதாசியிலயே எனக்குப் பிடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

படுத்துக்கிட்டு விழறது பிரேக் போடத்தான். ஐம்பது மீட்டர் உசரம், ஒன்பது மீட்டர் அகலம், அந்த உருளை தலைகீழாவோ செங்குத்தாவோ விழுந்தா காத்தைக் கிழிச்சுக்கிட்டு வேகமா வரும், வயித்தைக் காட்டிக்கிட்டு விழுந்தா காத்து தாங்கிப் பிடிக்கும். கிணத்துல பசங்க "சொத்"துனு வயிறு அடிபட விழுவாங்களே, அந்த அடி இங்க வேணும்னே வாங்குறது. முன்னால ரெண்டு பின்னால ரெண்டுன்னு நாலு மடக்கு இறக்கை, அதை மடக்கி விரிச்சு பேலன்ஸ் பண்ணிக்கிட்டு வரும். காத்தே ஓசியில பிரேக் போட்டுக் கொடுத்துடுது, எரிபொருள் மிச்சம். சீக்கிரமே நிமிர்ந்துட்டா அந்த மிச்சம் போச்சு, அதான் தரைக்குக் கிட்ட வந்ததும் இன்ஜினைப் பத்த வெச்சு சட்டுனு நிமிரும்.

வில்லங்கமே அந்த நிமிர்ற இடத்துலதான். டேங்க் கிட்டத்தட்ட காலி, அடியில கொஞ்சூண்டு மீத்தேன், படுத்துக்கிட்டு இருந்த டேங்க் திடீர்னு நிமிருது, உள்ள இருக்குறது என்ன பண்ணும், பாதி ரொம்பின தண்ணி லாரி பிரேக் போட்டா லாரியே முன்னும் பின்னும் ஆடுமே, அப்படி அலம்பும். இன்ஜின் வாய்க்கு திரவ மீத்தேனுக்குப் பதிலா வாயு போச்சுன்னா தீர்ந்துச்சு. அதுக்காகவே இறங்குறதுக்குன்னு தனியா ரெண்டு சின்ன டேங்க் வெச்சிருக்காங்க, ஹெட்டர் டேங்க்னு பேரு, அதை ரொப்பியே வெச்சிருப்பாங்க. நிறைகுடம் தளும்பாதுன்னு நம்ம பாட்டிங்க சொன்னாங்களே, அதேதான், ஆனா எங்க வீட்டுப் பாட்டி ராக்கெட்டை நினைச்சு சொல்லல.

இப்ப வரிசையா பாரு. எஸ்என்8, 2020 டிசம்பர், பன்னெண்டரை கிலோமீட்டர் போச்சு, படுத்துச்சு, விழுந்துச்சு, நிமிர்ந்துச்சு, எல்லாம் முதல் தடவையே சரியா வந்துச்சு. கடைசியில மீத்தேன் ஹெட்டர் டேங்க்ல அழுத்தம் கம்மியாயிடுச்சு. உள்ள அலம்பினதுல மேல இருந்த வாயு குளிர்ந்து சுருங்கிப்போய் தள்ளு விசை இல்லாம போச்சு. இன்ஜினுக்கு மீத்தேன் பத்தல, ஆக்சிஜன் மட்டும் தாராளமா வருது, அப்ப இன்ஜின் தன்னையே தின்ன ஆரம்பிச்சிடும். நெருப்பு பச்சையா வந்துச்சு பாத்தியா, உள்ள இருக்குற செம்பு எரிஞ்சா அந்த நிறம்தான். நான் வெல்டிங் பட்டறைக்காரன், அந்தப் பச்சையைப் பாத்ததுமே "ஐயோ செம்பு"ன்னு கத்திட்டேன், வீட்ல எல்லாரும் எழுந்துட்டாங்க.

சரின்னு அழுத்தம் குறையாம இருக்க அந்த டேங்குக்கு ஹீலியம் கொடுத்தாங்க. எஸ்என்9, 2021 பிப்ரவரி. அதுல கோளாறு வேற இடத்துல, ரெண்டு இன்ஜின் பத்தணும், ஒண்ணு பத்தல, நிமிர முடியாம சாய்ஞ்சபடியே தரையில மோதுச்சு. அடுத்ததுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, மூணு இன்ஜினையும் பத்த வெச்சுடு, நல்லா எரியறதை வெச்சுக்கிட்டு வேண்டாததை அணைச்சுடுன்னாங்க. எவ்வளவு சிம்பிள், முதல்லயே தோணியிருக்கலாம், தோணல, நம்ம பட்டறையிலயும் அப்படித்தான். எஸ்என்10, மார்ச் மாசம், நிமிர்ந்துச்சு, நின்னுச்சு, ஆனா கொஞ்சம் வேகமா வந்து உட்காந்துச்சு, கால் நசுங்கி லேசா சாய்ஞ்சு நின்னு எட்டு நிமிஷம் கழிச்சு வெடிச்சுது. காரணம் என்னன்னா அந்த ஹீலியம்! எட்டாம் நம்பரோட வியாதிக்கு கொடுத்த மருந்து, குமிழியா இன்ஜினுக்குள்ள போய் தள்ளு விசையைக் குறைச்சிடுச்சு. மீத்தேன் குமிழியா இருந்திருந்தா திரும்ப திரவமாகியிருக்கும், ஹீலியம் ஆகாது. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஒரு கோளாறை சரி பண்ணது அடுத்த கோளாறா வந்து நிக்குது பாரு.

எஸ்என்11 அதே மாசக் கடைசியில, ஒரே மூடுபனி, ஒண்ணும் தெரியல, கேமரா உறைஞ்சு நின்னுச்சு, அப்புறம் பனிக்குள்ள இருந்து துண்டு துண்டா விழற சத்தம் மட்டும். பன்னெண்டு பதிமூணு பதினாலு கட்டி முடிக்கவே இல்ல, ஏகப்பட்ட மாத்தத்தோட நேரா பதினஞ்சுக்குப் போயிட்டாங்க. 2021 மே 6, நம்ம நேரம் விடியக்காலம் நாலு மணி, அடியில கொஞ்சம் நெருப்பு எரிஞ்சுது, அதுவும் அணைஞ்சுது, நின்னுச்சு. நின்னுக்கிட்டே இருந்துச்சு. கொரோனா ரெண்டாவது அலை உச்சத்துல இருந்த நேரம், தெருவுல ஆம்புலன்ஸ் சத்தம்தான், யார்கிட்டயும் சொல்லி சந்தோஷப்படுற நிலைமையில ஊரு இல்ல, நான் மட்டும் மொட்டை மாடியில போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

கேள்வி: எஸ்என்10 இறங்கிட்டு வெடிச்சதை வெற்றின்னு சொல்றதா தோல்வின்னு சொல்றதா? எங்க டீக்கடையில ரெண்டு கட்சி.
வி.கே., பண்ருட்டி

பதில்: மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துட்டாரு, தாலி கட்டறதுக்குள்ள மயங்கி விழுந்துட்டாரு. நீங்களே சொல்லுங்க.

கேள்வி: நான் பாத்திரக்கடை வெச்சிருக்கேன். அந்த ராக்கெட்டை எவர்சில்வர்ல செய்றதா எம்பையன் சொல்றான். விளையாட்டுக்குச் சொல்றானா?
எம்.ஏ., திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நிஜம்தாங்க பாய். நீங்க குடத்துக்கும் சம்புடத்துக்கும் 304 கிரேடுன்னு சொல்லி விப்பீங்களே, அந்தக் குடும்பத்துல 304எல்னு ஒரு ரகம், எட்டாம் நம்பர்ல இருந்து அதுதான். தகடு கனம் சுமாரா நாலு மில்லிமீட்டர், ஒன்பது மீட்டர் அகலத்துக்கு நாலு மில்லின்னா அது சோடா டின் மாதிரி, உள்ள அழுத்தம் இருந்தாதான் விறைப்பா நிக்கும். முதல்ல கார்பன் ஃபைபர்ல செய்யறதா இருந்தாங்க, பின்னாடி இதுக்கு மாத்திட்டாங்க, ஏன்னா இது விலை மலிவு, மைனஸ் டிகிரியில இன்னும் கெட்டியாகும், வெளியிலேர்ந்து வர்ற சூட்டையும் அலுமினியத்த விட நல்லா தாங்கும், முக்கியமா வெட்டவெளியில கொட்டாய் போட்டு வெல்டிங் பண்ணலாம். ஆரம்பத்துல நிஜமாவே கூடாரத்துலதான் வளையம் வளையமா சுருட்டி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒட்டினாங்க.

அது ஈசியா வரல. 2020 பிப்ரவரியில எஸ்என்1 அழுத்தம் ஏத்தும்போதே அடியில பிச்சுக்கிட்டுது, ஏப்ரல்ல எஸ்என்3 மேல கனம் கீழ காத்து கம்மின்னு தகரடப்பா மாதிரி நசுங்கி உட்காந்துடுச்சு, மே மாசம் எஸ்என்4 இன்ஜின் சோதனை முடிஞ்ச கையோட வெடிச்சுது. இதெல்லாம் பறக்கறதுக்கு முன்னாடியே. பறக்கறதை மட்டும் பாக்குறவங்களுக்கு இது தெரியாது, ஆனா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல டாக் அடிச்சு சூட்டுல தகடு கோணிக்காம ஒட்டறது எவ்வளவு பாடுன்னு தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும். பழைய வண்டிங்க போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க, தையல் ஓரமெல்லாம் அலை அலையா சுருங்கியிருக்கும், பதினஞ்சு வர்றதுக்குள்ள கண்ணாடி மாதிரி ஆயிடும். கைப்பழக்கம் ஏறுறதை அந்தத் தகட்டுல பாத்துடலாம்.

கேள்வி: ட்ரோன் மாதிரி அந்தரத்துல கொஞ்ச நேரம் நின்னு, இடம் பாத்து நிதானமா இறங்கக் கூடாதா? எதுக்கு இந்த அவசரம்?
ஜெ., அரியாங்குப்பம்

பதில்: நிக்கிற ஒவ்வொரு செகண்டும் எரிபொருள் தண்டம், பைக்கை ஏத்தத்துல கிளட்ச்லயே பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. ஸ்பேஸ்எக்ஸோட இன்னொரு ராக்கெட் ஃபால்கன் 9, அதுக்கு நிக்கவே முடியாது, அது இன்னும் வேடிக்கை. ஒன்பது இன்ஜின்ல ஒண்ணை மட்டும் பத்த வெச்சு, அதையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சிம்ல வெச்சாலும் காலி ராக்கெட்டோட எடைய விட அதோட தள்ளு விசை அதிகம், அதனால நின்னா மறுபடி மேல கிளம்பிடும். அப்ப என்ன கணக்குன்னா, வேகம் பூஜ்யம் ஆகுற அந்த நொடியும் தரையைத் தொடுற அந்த நொடியும் ஒண்ணா இருக்கணும். அரை செகண்டு முந்தினா மறுபடி மேல கிளம்பிடும், பிந்தினா டமார். 2015 டிசம்பர்ல முதல் தடவை கேப் கனாவரல்ல நிலத்துல இறக்கினாங்க, 2016 ஏப்ரல்ல கடல்ல மிதக்குற மேடை மேல. இப்ப ஒரே ராக்கெட் முப்பது தடவைக்கு மேல போய் வந்திருக்கு. மக்கள் அதைப் பாக்கறதையே விட்டுட்டாங்க, டவுன் பஸ் மாதிரி ஆயிடுச்சு.

கேள்வி: எல்லாத்தையும் எலான் மஸ்க்தான் கண்டுபிடிச்ச மாதிரி இந்தக் காலத்துப் பிள்ளைங்க பேசுதுங்க. இதுக்கு முன்னாடி யாருமே ராக்கெட்டை இறக்கலையா?
ஓய்வு பெற்ற ஆசிரியர், வில்லியனூர்

பதில்: வணக்கம் ஐயா. இறக்கியிருக்காங்க. 1993 ஆகஸ்ட்ல நியூ மெக்சிகோ பாலைவனத்துல டிசி-எக்ஸ்னு ஒண்ணு, மெக்டானல் டக்ளஸ் கம்பெனி செஞ்சது, பாக்க கூம்பு மாதிரி இருக்கும், மேல எழும்பி, பக்கவாட்டுல நகர்ந்து, நின்னு, கால் மேல இறங்குச்சு. அதோட முடிவுதான் பரிதாபம். 1996 ஜூலைல கடைசிப் பறப்புல நாலு கால்ல ஒண்ணு விரியல, சாய்ஞ்சு விழுந்து எரிஞ்சு போச்சு. விசாரிச்சா, அந்தக் காலுக்குப் போற ஹீலியம் குழாயை மாட்டாமலே விட்டிருக்காங்க. ஒரே ஒரு குழாய் ஐயா. எங்க பட்டறையில ஒரு பையன் காத்து ஹோஸை மாட்டாம கம்ப்ரசரைப் போட்டுட்டு "அண்ணே பிரஷர் வரல"ன்னு நின்னது ஞாபகம் வந்துச்சு, அங்கயும் மனுஷங்கதான். அதைத் திரும்பக் கட்ட பணம் இல்லைன்னு திட்டத்தையே மூடிட்டாங்க. அடுத்தடுத்து வெடிச்சாலும் பின்னாடியே அடுத்தது தயாரா நிக்கிற மாதிரி கட்டணும்னு ஸ்பேஸ்எக்ஸ் பண்ணது இருக்கே, அதுதான் அவங்க கெட்டிக்காரத்தனம், இறக்குற யோசனை அவங்களோடது இல்ல.

அதுவும் விடுங்க, நம்ம சந்திரயான் 3. அதோட திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம பக்கத்து ஊரு விழுப்புரத்துக்காரர். விக்ரம் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 நிலாவுல இன்ஜின் மேலதானே இறங்குச்சு. அதுக்கப்புறம் செப்டம்பர் 3ஆம் தேதி ஒரு கூத்து பண்ணாங்க, திரும்ப இன்ஜினைப் பத்த வெச்சு சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி கொஞ்சம் தள்ளி உட்காந்துச்சு. நாற்பது சென்டிமீட்டர்தான், ஆனா நிலாவுல.

கேள்வி: இஸ்ரோ இதுல எங்க இருக்கு? நேர்மையா சொல்லுங்க, தேசபக்தி வேண்டாம்.
கே.பி., லாஸ்பேட்டை

பதில்: சரி, வேண்டாம். நம்மளது வேற வழி, இறக்கை வெச்சு விமானம் மாதிரி ரன்வேல இறக்குறது. 2016 மே 23, ஸ்ரீஹரிகோட்டாவுல அந்த இறக்கை வண்டியை ஒரு சின்ன ராக்கெட் மேல உட்கார வெச்சு 65 கிலோமீட்டர் உசரத்துக்கு அனுப்பி, ஒலியைப் போல அஞ்சு மடங்கு வேகத்துல காத்துக்குள்ள கொண்டாந்து வங்காள விரிகுடாவுல இறக்கினாங்க, கடல் மேல ஒரு ரன்வே இருக்குறதா கற்பனை பண்ணிக்கிட்டு. அதுக்கப்புறம் ஏழு வருஷம் சத்தமே இல்ல, இது எனக்கு வருத்தம்தான். 2023 ஏப்ரல் 2, கர்நாடகாவுல சித்ரதுர்கா சோதனைத் தளத்துல, விமானப்படை சினூக் ஹெலிகாப்டர்ல நாலரை கிலோமீட்டர் உசரம் தூக்கிட்டுப் போய் விட்டாங்க, தானா வழி கண்டுபிடிச்சு ரன்வேல இறங்குச்சு. 2024ல மார்ச்சுலயும் ஜூன்லயும் இன்னும் ரெண்டு தடவை, புஷ்பக்னு பேரு வெச்சாங்க, ஒவ்வொரு தடவையும் வேணும்னே இன்னும் கோணலான இடத்துல விட்டாங்க. மூணாவது தடவை ரன்வேயிலேர்ந்து 500 மீட்டர் பக்கவாட்டுல தள்ளி விட்டாங்க, காத்தும் பலமா இருந்துச்சு, தானே திருத்திக்கிட்டு நடுக்கோட்டுல இறங்குச்சு. இறங்குற வேகம் 320 கிலோமீட்டருக்கு மேல, பயணிகள் விமானம் இறங்குறது சுமார் 260. பாராசூட்டை விரிச்சு அதை நூறுக்குக் கொண்டாந்து அப்புறம்தான் பிரேக். மூணாவதுக்கு ரெண்டாவதுல பறந்த அதே உடம்பையே திரும்ப உபயோகிச்சாங்க, அதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு.

நின்னு இறங்குற ராக்கெட்டு இன்னும் காகிதத்துலதான். 2024 செப்டம்பர்ல புதுத் தலைமுறை ஏவுவாகனத்துக்கு 8,240 கோடி ஒதுக்கி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு, கீழ் அடுக்கு திரும்பி வர்ற மாதிரி, பூமிக்குக் கிட்ட 30 டன் தூக்குற மாதிரி. பாப்போம்.

கேள்வி: டவர் ரெண்டு கையை நீட்டி ராக்கெட்டைப் பிடிச்சதே, அது கிராபிக்ஸ்தானே? எங்க மாமனார் ஒத்துக்கவே மாட்டேங்குறார்.
ஒரு மருமகன், முத்தியால்பேட்டை

பதில்: மாமனார்கிட்ட வாக்குவாதம் வேண்டாம் தம்பி, வீட்டுல சாப்பாடு முக்கியம். ஆனா நிஜம்தான். 2024 அக்டோபர் 13, ஞாயித்துக்கிழமை, விஜயதசமிக்கு மறுநாள், எங்க லேத் மேல வெச்ச சந்தனம் இன்னும் காயல, பூஜைப் பொரி கடலையைக் கொறிச்சுக்கிட்டு ஹால்ல எல்லாரும் உட்காந்திருந்தோம். முதல் தடவையா நல்ல நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஸ்டார்ஷிப் கிளம்புச்சு. கீழ் அடுக்கு மட்டும் எழுபது மீட்டர் உசரம், முப்பத்து மூணு இன்ஜின். மேல் அடுக்கைத் தள்ளி விட்டுட்டு திரும்பி வந்து, முதல்ல பதிமூணு இன்ஜின் எரிஞ்சு, அப்புறம் மூணா குறைஞ்சு, சாய்வா வந்து நெட்டா நிமிர்ந்து அந்த ரெண்டு கைக்கு நடுவுல நுழைஞ்சுது. ஏழு நிமிஷம்தான் மொத்தமும். எம்பொண்ணு கையில இருந்த பொரி அப்படியே தரையில.

கைங்க ராக்கெட்டைக் கிடுக்கி மாதிரி இறுக்கிப் பிடிக்குதுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ராக்கெட்டோட மேல்பக்கம் துடுப்புக்குக் கீழ ரெண்டு சின்ன முளை துருத்திக்கிட்டு இருக்கும், அந்த முளை ரெண்டும் கை மேல போய் உட்காரும், அவ்வளவுதான், பரண்ல பானையை விளிம்புல மாட்டி வெக்கிற மாதிரி. கால் வேண்டாம், கால் கனம் மிச்சம், பிடிச்ச இடத்துலயே திரும்ப மேடையில வெச்சுக்கலாம். பிடிக்கறதுக்கு முன்னாடி ராக்கெட்டு, டவர், அதை நடத்துற ஆள், எல்லாம் சரின்னு சொல்லணும், ஒண்ணு தப்பினாலும் தானா கடல் பக்கம் திரும்பிடும். மாமனாருக்கு இதைச் சொல்லுங்க: அடுத்த மாசமே நவம்பர்ல டவர்ல தகவல் தொடர்பு சரியில்லன்னு ராக்கெட்டைக் கடல்ல இறக்கிட்டாங்க. கிராபிக்ஸ்னா அதை ஏன் அப்படிப் பண்ணப் போறாங்க?

கேள்வி: கோடி கோடியா கொட்டி வெடிக்க வெச்சு வேடிக்கை பாக்குறாங்க, நீங்களும் கை தட்டுறீங்க. பணத்துக்குப் பிடிச்ச கேடு. வெடிச்ச துண்டு யார் தலையிலாவது விழுந்தா?
பெயர் வெளியிட விரும்பாதவர், நெய்வேலி

பதில்: பாதி ஒத்துக்குறேன் சார். தரையில நிறுத்தி சோதிக்க முடியாத விஷயத்தைப் பறக்க விட்டுத்தான் பாக்கணும், அதுக்கு வெடிக்கிறது செலவுக் கணக்குல ஒரு வரி, அது சரி. ஆனா 2025 ஜனவரியில ஸ்டார்ஷிப்போட மேல் அடுக்கு வெடிச்சு கரீபியன் பக்கம் டர்க்ஸ் கைகோஸ் தீவுகள் மேல எரிஞ்சுக்கிட்டே விழுந்துச்சு, பறந்துக்கிட்டு இருந்த விமானங்க வழி மாறிப் போச்சு, மார்ச் மாசம் மறுபடி அதே மாதிரி. வானத்துல அது மத்தாப்பு மாதிரி அழகாதான் இருந்துச்சு, கீழ இருக்குறவங்களுக்கு அது மத்தாப்பு இல்ல. அந்த ரெண்டு நாளும் நான் கை தட்டல. ஆகஸ்ட்லயும் அக்டோபர்லயும் போனது ஒழுங்கா இந்தியப் பெருங்கடல் வரைக்கும் போய் இறங்குச்சு.

கேள்வி: எங்க கடல்ல ராக்கெட் துண்டு வலையில மாட்டியிருக்கு. எல்லா ராக்கெட்டும் திரும்பி வர ஆரம்பிச்சா இது நின்னுடுமா? வலை கிழிஞ்சா யார் கொடுப்பா?
படகு வெச்சிருக்குற வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: அண்ணே, டெக்சாஸைப் பத்தி இவ்வளவு பேசின பக்கத்துல நம்ம கடலைப் பத்தி கேட்ட ஒரே ஆள் நீங்கதான். 2019 டிசம்பர்ல புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவங்க வலையில மாட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பிஎஸ்எல்வி ராக்கெட்டோட பக்கத்துல ஒட்டி வெச்சிருப்பாங்களே அந்த மோட்டார். மீனுன்னு இழுத்தா உருளை. பார்க்க ஊரே கூடுச்சு. அந்த மோட்டார் ஒவ்வொண்ணுலயும் 12 டன் திட எரிபொருள் அடைச்சிருக்கும், ஒரு நிமிஷம் சொச்சத்துல எரிஞ்சு தீர்ந்துடும், கழட்டி விட்டா கடல்ல விழும், காலி உருளைங்கறதால சிலது மூழ்காம நீரோட்டத்துல இழுத்துக்கிட்டு வரும்.

இது நிக்குமான்னா, பிஎஸ்எல்வி இருக்குற வரைக்கும் நிக்காது. திட எரிபொருள்ங்கறது ஊதுவத்தி மாதிரி, பத்த வெச்சா தீர்ற வரைக்கும் எரியும், நடுவுல அணைச்சு திரும்பப் பத்த வெக்க முடியாது, அணைச்சுப் பத்த வெக்க முடியலன்னா திரும்பி வந்து இறங்க முடியாது. திரவ எரிபொருள்ல ஓடுற கீழ் அடுக்கு வந்தாதான், அதுவும் அந்தப் புதுத் தலைமுறை ராக்கெட் வந்து ஓட ஆரம்பிச்சாதான், கொஞ்சமாவது குறையும். அதுவரைக்கும் லாஞ்ச் அன்னிக்கு எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்ற அறிவிப்பைக் கேட்டுட்டுப் போங்க.

மாட்டினா சுத்தியலால தட்டிப் பாக்காதீங்க, இரும்புக் கடைக்குப் போடலாம்னு அறுக்காதீங்க, ஓரத்துல தீராத மருந்து ஒட்டியிருக்கலாம், பீடி பத்த வெச்சுக்கிட்டு கிட்டயே போகாதீங்க. எழுத்து நம்பர் ஏதாவது இருந்தா தூரத்துல இருந்து போட்டோ எடுத்து கடலோரக் காவல் போலீசுக்கும் மீன்துறைக்கும் சொல்லுங்க, இஸ்ரோ ஆளுங்க வந்து பாப்பாங்க. வலைக்கு நஷ்ட ஈடு கேட்டு மீன்துறைக்கு மனு கொடுங்க, கிழிஞ்ச வலையையும் உருளையையும் சேர்த்து ஒரே போட்டோவுல எடுத்து வெச்சுக்குங்க, வாயால சொன்னா எந்த ஆபீஸ்லயும் எழுதிக்க மாட்டாங்க. மனு எழுத ஆள் இல்லைன்னா பட்டறைக்கு வாங்க, நான் எழுதித் தர்றேன்.